போய்ச் சேராத தபால்: துன்ஹுவாங் காவல் கோபுரத்தில் கிடந்த ஐந்து கடிதங்கள்

1907-இல் ஔரல் ஸ்டைன் என்ற தொல்லியலாளர் சீனாவின் மேற்கு எல்லையில், துன்ஹுவாங் நகரத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் மேற்கே, பாழடைந்த ஒரு காவல் கோபுரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஹான் பேரரசு கட்டிய எல்லைச் சுவரை ஒட்டி வரிசையாக நின்ற கோபுரங்களில் அதுவும் ஒன்று. அங்கே காவலிருந்தவர்கள் ஒதுக்கிக் கொட்டிய குப்பைக்குள்ளிருந்து, நேர்த்தியாக மடித்த சில காகிதங்கள் வெளியே வந்தன. எழுத்து சீன எழுத்து இல்லை. ஒன்றைப் பட்டுத் துணியில் சுற்றி, அதன்மேல் முரட்டுத் துணி உறை போட்டு, உறையின்மேல் விலாசமும் எழுதியிருந்தார்கள். விலாசத்தில் இருந்த ஊர் சமர்கண்ட். அந்தக் கோபுரத்திலிருந்து சமர்கண்ட் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்.

முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ ஐந்து கடிதங்கள், கூடவே சில துண்டுகள். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில் நடந்த பழைய தரைவழி வணிகத்தைப் புரிந்துகொள்ள, அந்த வழியிலேயே வாழ்ந்தவர்கள் தங்கள் கையால் எழுதி வைத்த சாட்சி இவ்வளவு பழமையாக வேறெங்கும் இவ்வளவு உயிரோடு கிடைக்கவில்லை என்பது என் கருத்து. பட்டுப்பாதை என்றதும் வரைபடத்தில் கோடு ஒன்று மனதில் வந்துவிடுகிறது. அந்தப் பெயரைப் பரப்பியவர் ஃபெர்டினான்ட் ஃபொன் ரிஷ்ட்ஹோஃபன் என்ற ஜெர்மன் புவியியலாளர், ஆண்டு 1877. அந்த வழியில் நடந்தவர்களுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரியாது. இந்தக் கடிதங்களை எழுதியவர்கள் சீனாவுக்குப் போவதை 'உள்ளே போவது' என்றார்கள், அங்கிருந்து கிளம்புவதை 'வெளியே வருவது' என்றார்கள். அவ்வளவுதான்.

இந்த ஆய்வு அந்தக் கோட்டைப் பற்றியது இல்லை. அந்த வழி ஒருமுறை அறுந்தபோது என்ன நடந்தது, அறுந்தது எது என்பதைப் பற்றியது.

எழுதியவர்கள்

அவர்கள் சோக்தியர்கள். ஆமு தார்யா, சிர் தார்யா என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, சமர்கண்ட், புகாரா, பஞ்சிகென்ட் போன்ற ஊர்களில் இருந்தவர்கள். இன்றைய உஸ்பெகிஸ்தானும் தஜிகிஸ்தானும் அந்தப் பகுதிதான். அவர்கள் பேரரசு எதையும் கட்டவில்லை. ஊர் ஊராகச் சிறு அரசுகள்தான். ஆனால் ஆசியாவின் குறுக்கே ஆள்விட்டு வணிகம் செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பிற்காலச் சீன வரலாற்று நூல்கள் அவர்களைப் பற்றி ஒரு வழக்கத்தைச் சொல்கின்றன: குழந்தை பிறந்ததும் வாயில் இனிப்பு வைப்பார்களாம், பேச்சு இனிக்க வேண்டும் என்று, உள்ளங்கையில் பசை தடவுவார்களாம், கைக்கு வந்த காசு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று. நம்மூரில் சேனை தொட்டு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு முதல் பாதி புதிதாக இருக்காது.

மொழி ஈரானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்து அரமேயத்திலிருந்து வந்தது. உயிரெழுத்துகளில் பலவற்றை எழுதாமலே விட்டுவிடுவார்கள். அதனால் கடிதம் கிடைத்தும் படிக்க நாளாயிற்று. 1931-இல்தான் ஹான்ஸ் ரைஷெல்ட் அவற்றைப் பதிப்பித்தார். அதற்குப் பிறகும் ஒரு தலைமுறை கடந்து, நிக்கலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸ் போன்றவர்கள் சொல் சொல்லாகத் திருத்தினார்கள். காகிதம் கிழிந்த இடங்களில் வாக்கியம் இன்றும் பாதியில் நிற்கிறது.

இடம்

சீனாவிலிருந்து மேற்கே போக ஒரு குறுகலான வாசல் உண்டு. தெற்கே ச்சிலியன் மலை, வடக்கே கோபி பாலை, நடுவே சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை நம்பிய பசுந்திடல்கள். ஹெக்ஸி இடைவழி என்று பெயர். கி.மு. 138-இல் ஹான் பேரரசர் மேற்கே அனுப்பிய தூதர் சாங் ச்சியன், நடுவில் பல வருஷம் சிறைப்பட்டு, கி.மு. 126-இல்தான் திரும்பினார். அதற்குப் பின்வந்த பத்தாண்டுகளில் அந்த இடைவழியில் படை நிறுத்தி ஊர்களை அமைத்தார்கள். கிழக்கிலிருந்து மேற்காக முக்கியமானவை கூசாங் (இன்றைய வூவெய்), ஜியுச்சுவான், கடைசியில் துன்ஹுவாங். துன்ஹுவாங்கைத் தாண்டினால் தக்லமக்கான் பாலை. பாலையின் வட ஓரமாகவோ தென் ஓரமாகவோ கிணற்றுக்குக் கிணறு நடந்து, பாமிர் மலை ஏறி இறங்கினால்தான் சமர்கண்ட்.

பெரும்பாலானவர்கள் இந்தத் தூரத்தை முழுதாகக் கடந்ததில்லை. ஒரு துண்டு தூரம் போய்ச் சரக்கைக் கைமாற்றிவிட்டுத் திரும்பினார்கள். சோக்தியர்களின் கெட்டிக்காரத்தனம், இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றிலும் தங்கள் ஆளை உட்கார வைத்ததில் இருந்தது.

இரண்டாம் கடிதம்

பட்டில் சுற்றியிருந்த கடிதம் இது. எழுதியவர் நனைவந்தக். நனை என்பது அவர்கள் கும்பிட்ட தேவி. 'நனையின் அடிமை' என்பது பெயரின் பொருள், நம் காளிதாசன் மாதிரி. சமர்கண்டில் இருக்கும் வர்சக் என்ற பெரியவருக்கு எழுதுகிறார். முதலில் ஆயிரம், பத்தாயிரம் வணக்கங்கள், தெய்வத்துக்குச் செய்வதுபோல் மண்டியிட்ட நமஸ்காரம். அப்புறம் ஆட்களின் நிலவரம்: ஜியுச்சுவானில் இருப்பவர் நலம், கூசாங்கில் இருப்பவர் நலம். அதற்கு அடுத்த வரியில் கடிதத்தின் குரலே மாறிவிடுகிறது.

உள்ளேயிருந்து ஒரு சோக்தியன் வந்து மூன்று வருஷம் ஆகிறது என்கிறார். கடைசிப் பேரரசர் பஞ்சத்தால் தலைநகர் லுவோயாங்கை விட்டு ஓடிவிட்டார் என்று சொல்கிறார்களாம். அரண்மனைக்கும் நகரத்துக்கும் தீ வைத்துவிட்டார்கள். "லுவோயாங் இனி இல்லை, யே இனி இல்லை." யேயும் ஒரு சீன நகரம். இதைச் செய்தவர்கள் ஹூணர்கள், நேற்றுவரை பேரரசரின் குடிமக்களாக இருந்தவர்கள் என்று வியப்பும் வேதனையுமாக எழுதுகிறார். மிச்சமிருக்கும் சீனர்களால் அவர்களைச் சாங்கான் நகரத்தை விட்டுத் துரத்த முடிந்ததா என்று தங்களுக்குத் தெரியவில்லை என்கிறார்.

அடுத்து அனுப்பின ஆட்களின் கணக்கு. எட்டு வருஷத்துக்கு முன் இரண்டு பேரை உள்ளே அனுப்பினார். அவர்களிடமிருந்து பதில் வந்து மூன்று வருஷமாகிறது. அப்போது நலமாக இருந்தார்கள், கடைசியாக நேர்ந்த கேட்டுக்குப் பிறகு சத்தமில்லை. நான்கு வருஷத்துக்கு முன் இன்னொருவரை அனுப்பினார். அந்தக் கூட்டம் கூசாங்கிலிருந்து கிளம்பி லுவோயாங் போய்ச் சேர்ந்தபோது, அங்கே இருந்த இந்தியர்களும் சோக்தியர்களும் பட்டினியில் செத்துக் கிடந்தார்கள். இந்த ஒரு வரிக்காகவே கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தலைநகரத்தில் இந்திய வணிகர்களும் இருந்தார்கள், சோக்தியர்களோடு சேர்த்து எண்ணுகிற அளவுக்கு இருந்தார்கள், பஞ்சம் அவர்களையும் சேர்த்தே கொண்டுபோனது என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

சீனாவில் நடந்ததையெல்லாம் எழுதினால் துக்கம் தாங்காது, அதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை என்று ஓரிடத்தில் நிறுத்திக்கொள்கிறார். மனம் மரத்துப்போனதால் சொன்ன வார்த்தை என்று எனக்குத் தோன்றவில்லை. தூரத்தில் இருக்கும் பெரியவருக்குப் பயன்படுவதை மட்டும் எழுத வேண்டும் என்ற தொழில் ஒழுங்கு அது. அப்படிப்பட்டவரே அடுத்து, துன்ஹுவாங் வரையில் இருக்கும் நாங்கள் வயதாகிச் சாவை எதிர்பார்த்து நிற்கிறோம் என்று எழுதிவிடுகிறார்.

இதற்குப் பிறகு கடிதம் உயிலாக மாறுகிறது. ஊரில் ஒருவரிடம் தன் பணம் இருக்கிறது. அதை வாங்கி எண்ணுங்கள். அவரே வைத்திருப்பதானால் வட்டியை முதலோடு சேர்த்துப் பத்திரம் எழுதுங்கள். வேண்டாம் என்று பட்டால் நம்பிக்கையான வேறொருவரிடம் கொடுங்கள், பணம் வளரட்டும். தக்சிச்வந்தக் என்ற அநாதைப் பையன் ஒருவன் இருக்கிறான். இந்தப் பணத்தைத் தவிர அவனுக்கு வேறு கதி கிடையாது. வளர்ந்ததும் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களை விட்டு அவனை அனுப்பிவிடாதீர்கள். உங்களுக்கே பணத்தேவை வந்தால் ஆயிரமோ இரண்டாயிரமோ ஸ்டேட்டர் (வெள்ளியை நிறுக்கும் அளவு) எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கஸ்தூரி. உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி 32 கஸ்தூரிப் பைகள் துன்ஹுவாங்குக்கு வந்திருக்கின்றன. ஐந்து பாகமாக்குங்கள்: மூன்று பையனுக்கு, ஒன்று பணத்தை வைத்திருப்பவருக்கு, ஒன்று உங்களுக்கு. 32-ஐ ஐந்தால் வகுத்தால் மீதி நிற்கும். பையை எண்ணி இல்லை, தராசில் போட்டுத்தான் இதைப் பிரித்திருக்க முடியும். நாளுக்கு நாள் கொலையும் கொள்ளையும் எதிர்பார்த்து இருக்கிறோம் என்று எழுதின அதே கை, பாகத்தில் யாரையும் விட்டுவிடவில்லை.

எந்த ஆண்டு

கடிதத்தில் தேதி இருக்கிறது, ஆனால் அது ஒரு தலைவரின் பதின்மூன்றாம் ஆண்டு. அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கூடவே கிடைத்த சீன மரச்சீட்டுகளை வைத்து முதலில் இன்னும் பழையவை என்று நினைத்தார்கள். 1948-இல் டபிள்யூ. பி. ஹென்னிங் என்ற ஈரானிய மொழி அறிஞர் வேறு வழி பிடித்தார்: லுவோயாங் எரிந்தது எப்போது? ஷியோங்னு படைகள் (கடிதம் சொல்லும் ஹூணர்கள்) கி.பி. 311-இல் அந்த நகரத்தைச் சூறையாடின. பேரரசர் ஹுவாய் தப்பிக்கப் பார்த்துப் பிடிபட்டார். யே நகரம் 307-இல் எரிந்திருந்தது. ஆகவே கடிதம் 312 அல்லது 313. 190-இலும் லுவோயாங் ஒருமுறை எரிந்தது. அதை வைத்துக் கடிதங்களை 2-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டுபோன யானோஸ் ஹர்மத்தா போன்றவர்களும் உண்டு. ஆனால் யே, பஞ்சம், சாங்கான் மூன்றும் சேர்ந்து பொருந்துவது 311-க்குப் பிறகுதான். இன்று பெரும்பாலோர் சொல்வது 313.

இந்தத் தேதியை ஏற்றுக்கொண்டால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. சாங்கானை 311-இல் பிடித்தவர்களிடமிருந்து, சீனாவை ஆண்ட ஜின் வம்சத்தின் படை 312-இலேயே அதை மீட்டுவிட்டது. 313-இல் அங்கே புதுப் பேரரசர் பட்டத்துக்கு வந்தார். நனைவந்தக்குக்கு இது எதுவும் தெரியாது. பேரரசர் பிடிபட்டதும் அவருக்குத் தெரியவில்லை, ஓடிவிட்டார் என்றே நினைக்கிறார். ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பழசான செய்தியை வைத்துக்கொண்டு, அடுத்து ஆளை அனுப்புவதா, இருக்கிற சரக்கை விற்பதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. வழி அடைபட்டது என்று நாம் சொல்வதற்கு அங்கே இருந்தவர்களின் அனுபவம் இதுதான். சாலை கிடந்த இடத்தில்தான் கிடந்தது, அதில் செய்தி வரவில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. சீனர்கள் ஷியோங்னு என்று எழுதியவர்களை இவர் 'ஹூண்' என்றே எழுதியிருக்கிறார். பின்னால் ஐரோப்பாவைக் கலக்கிய ஹூணர்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா என்ற நீண்ட விவாதத்தில் இந்த ஒரு சொல் இன்னும் சாட்சிக்கூண்டில் நிற்கிறது.

சரக்கு

பட்டுப்பாதை என்ற பெயரை வைத்துக்கொண்டு தேடினால் ஏமாற்றமாக இருக்கும். முழுசாகக் கிடைத்த கடிதங்களில் பேசப்படுவது லினன் துணி, கம்பளித் துணி, கஸ்தூரி, வெள்ளி, மிளகு. பட்டு முக்கியச் சரக்காக முன்னே வரவில்லை. பட்டு இருப்பது கடிதத்தைச் சுற்றியிருந்த உறையில்.

மிளகு ஐந்தாம் கடிதத்தில் வருகிறது: கூசாங்கில் அனுப்பத் தயாராக 2,500 அளவு மிளகு கிடக்கிறது, அனுப்பக் கூட்டம் எதுவும் கிளம்பவில்லை. மிளகு வட சீனாவிலோ நடு ஆசியாவிலோ விளைவதில்லை. இந்தியப் பக்கத்திலிருந்து எத்தனையோ கைகள் மாறி அங்கே வந்திருக்க வேண்டும். இதே கடிதத்தில் ஒரு சின்னத் தகராறும் இருக்கிறது. இருபது ஸ்டேட்டர் வெள்ளி வர வேண்டும்; கைக்கு வந்ததை நிறுத்துப் பார்த்தால் நாலரைதான். இருபது கொடுத்திருந்தால் எனக்கு ஏன் நாலரை தருகிறாய் என்று கேட்டேன் என்று எழுதுகிறார்.

அந்தக் கடிதம் போக வேண்டியவரின் பட்டம் 'சர்தபாவ்', அதாவது வணிகக் கூட்டத் தலைவர். சமஸ்கிருத 'சார்த்தவாஹ'விலிருந்து வந்த சொல். சீனர்கள் அதைச் 'சாபாவ்' ஆக்கி அரசுப் பதவியாகவே வைத்துக்கொண்டார்கள். அதே வேரிலிருந்து பிராகிருதம் வழியாகத் தமிழுக்கு வந்ததுதான் 'சாத்து'. கோவலனின் தந்தை மாசாத்துவான் என்றால் பெரிய சாத்துக்குத் தலைவர் என்று பொருள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரையும் கூசாங் வணிகரையும் ஒரே பட்டத்தால் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு எந்த வரைபடக் கோட்டையும்விடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

மிவ்னாய்

ஒன்றாம் கடிதமும் மூன்றாம் கடிதமும் ஒரே பெண்ணுடையவை. மிவ்னாய். கணவன் நனைதத் அவளையும் மகள் ஷைனையும் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மூன்று வருஷமாகிறது.

ஒன்றாம் கடிதம் தன் தாய் சதீஸுக்கு. ஊர் திரும்ப வழி தேடி ஒவ்வொருவர் வாசலாகப் போனதை எழுதுகிறாள். இங்கே இருக்கும் சோக்தியர் சங்கத்துப் பெரியவரிடம் கேட்டேன், இங்கே உன் கணவருக்கு அர்திவானைவிட நெருங்கின சொந்தம் இல்லை, அவரைக் கேள் என்றார். அர்திவானைக் கேட்டேன், ஃபர்ன்குந்தைக் கை காட்டினார். ஃபர்ன்குந்தைக் கேட்டேன், உன் கணவரின் சொந்தக்காரரே சம்மதிக்காதபோது நான் எப்படி அழைத்துப் போவேன், பொறு, ஒருவேளை நனைதத் வரலாம் என்றார். உடுக்கத் துணி இல்லை, கையில் காசு இல்லை, கடன் கேட்டால் தர ஆள் இல்லை. கோயில் பூசாரி போடும் பிச்சையில் இருக்கிறேன். நீ கிளம்பினால் ஒட்டகம் தருகிறேன், துணைக்கு ஆளும் தருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் கடிதம் கணவனுக்கு. அதுவும் மண்டியிட்ட வணக்கத்தோடுதான் தொடங்குகிறது. கடித முறை அப்படி. பிறகு வருவது: உங்கள் பேச்சைக் கேட்டுத் துன்ஹுவாங் வந்தேன், அம்மா பேச்சையும் அண்ணன் தம்பி பேச்சையும் கேட்கவில்லை. உங்கள் சொல்படி நடந்த அன்றைக்கே தெய்வங்கள் என்மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். "உங்களுக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருப்பேன்." ஒருமுறை, இருமுறை, ஐந்து முறைகூட வெளியேற வாய்ப்பு வந்தது, என்னை அழைத்துப்போக மறுத்துவிட்டார்கள் என்றும் எழுதுகிறாள். கீழே மகள் ஷைன் சில வரி சேர்த்திருக்கிறாள்: ஃபர்ன்குந்த் ஓடிவிட்டார், சீனர்கள் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை, அவர் பட்ட கடனுக்காக நானும் அம்மாவும் சீனர்களுக்கு வேலைக்காரிகளாகிவிட்டோம்.

இந்த இரண்டு கடிதத்தையும் வணிக வரலாற்றில் ஓரக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நனைவந்தக்கின் கடிதத்தில் தெரியும் அமைப்புதான் இங்கேயும் இருக்கிறது: சொந்தம், ஜாமீன், சங்கத்தின் சம்மதம். சமர்கண்டில் யாரோ ஒருவரிடம் இருக்கும் பணத்தை இங்கிருந்தே நகர்த்த முடிந்தது அந்த அமைப்பால்தான். ஒட்டகம் தர ஆள் இருந்தும் ஒரு பெண் நகர முடியாமல் போனதும் அதே அமைப்பால்தான். ஒருவர் முன்னே வந்தால்தான் அடுத்தவர் வருவார். ஃபர்ன்குந்த், "நான் நனைதத்தின் வேலைக்காரன் இல்லை, அவர் முதலும் என்னிடம் இல்லை" என்று சொல்லி ஒதுங்கினதை அவளே எழுதியிருக்கிறாள். நல்ல காலத்தில் இந்தச் சங்கிலி ஆயிரக்கணக்கான கிலோமீட்டரை இணைத்தது. ஒரு கண்ணி ஓடிப்போனதும் சுமை முழுக்கக் கடைசியில் நின்ற இருவர்மேல் இறங்கியது.

அறுந்த இடமும் தொடர்ந்த வழியும்

தபால் ஏன் அந்தக் கோபுரத்திலேயே நின்றது? காவலர்கள் பறித்து வைத்தார்கள் என்றும், கொண்டுபோனவர் வழியில் விட்டுவிட்டார் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சாங்கான் 316-இல் மறுபடி விழுந்தது. வட சீனா நூற்றாண்டுக்கு மேல் பல அரசுகளின் கையில் துண்டுபட்டுக் கிடந்தது.

ஆனால் வழி சாகவில்லை. 2003-இல் ஷியான் நகரத்தில் (பழைய சாங்கான்) ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். சோக்திய மொழியிலும் சீனத்திலும் கல்வெட்டு. புதைக்கப்பட்டவர் விர்கக், சீனப் பெயர் ஷி ஜுன். லியாங்ஜோவின் சாபாவாக இருந்தவர். லியாங்ஜோ என்பது மிளகு தேங்கிக் கிடந்த அதே கூசாங்தான். 579-இல், 86 வயதில் இறந்தார். ஒரு மாதத்தில் மனைவியும் இறந்தார். மறு வருஷம் மூன்று மகன்கள் சேர்ந்து இருவரையும் ஒன்றாக வைத்துக் கல்வீடு கட்டினார்கள். ஐந்தாம் கடிதக்காரர் அனுப்பக் கூட்டம் இல்லையே என்று எழுதி இருநூற்றறுபது வருஷத்துக்குப் பிறகு, அதே ஊரில் சோக்தியக் கூட்டத் தலைவருக்கு அரசுப் பட்டம் இருந்தது.

மிவ்னாய் தன் தாய்க்கு எழுதின கடிதத்தில், பூசாரி தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்வது அம்மாவிடமிருந்து கடிதம் வரும்வரைக்கும்தான். அவள் எழுதின கடிதமோ துன்ஹுவாங்கிலிருந்து 90 கிலோமீட்டர்தான் போயிருந்தது.